வீரராகவரின் வலது கட்டைவிரல்

பூந்தமல்லிப் பக்கத்தில் அந்த நாளில் பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பது அப்புறம்தான். முதலில் காலைப் பார்ப்பார்கள். பெண்ணின் கால் மட்டும் இல்லை, பெற்றவன் கால், பெற்றவள் கால், மாமன் கால், சமயத்தில் ஒரு வேளைச் சோற்றுக்கு வந்து தங்கிய விருந்தாளியின் கால். யானைக்கால் பயம் அப்படி. கொசுவால் வருகிறது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள், யார் கேட்டார்கள்? அது வம்சத்தோடு வருகிறது என்று ஊர் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டது. ஊர் கட்டிய முடிச்சை அவிழ்க்க எந்த டாக்டருக்கு நகம் இருக்கிறது?

காட்டுப்பாக்கம் வீரராகவர் இந்தக் கால் விவகாரத்தில் ஒரு தடவை சூடுபட்டவர். போன மாசியில் மாங்காட்டிலிருந்து அவருடைய ஒரே மகள் தாட்சாயிணியைப் பார்க்க வந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. நடுவில், வேடிக்கை பார்க்க வேலியோரம் வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரரின் வீங்கிய கால் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. பெண்ணுக்குச் சித்தப்பா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வைத்த பணியாரத்தை வைத்தபடியே எழுந்து வண்டி ஏறிவிட்டார்கள். “அவரு எனக்கு ஒறவே இல்லீங்க! சண்டைக்காரருங்க!” என்று கத்திக்கொண்டே வீரராகவர் குமணன்சாவடி வரைக்கும் வண்டிக்குப் பின்னால் ஓடினார். வண்டி நிற்கவில்லை.

அதனால்தான் திருநின்றவூர் பரந்தாமன் வீட்டிலிருந்து ஆளிடம் சொல்லியனுப்பியபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஏரிப்பாசன நிலம், நல்ல குடும்பம், பையன் மணவாளன் குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்றும் இருந்தது. ஆனி அமாவாசைக்குத் திருவள்ளூர்க் குளத்தில் வெல்லம் கரைக்கப் போனபோது தாட்சாயிணியின் செம்பு நழுவித் தண்ணீரில் போக, அதை எட்டி எடுத்துக் கொடுத்தவன் அந்த மணவாளன்தான். “அந்த ஊடுன்னா சரிம்மா” என்று அவள் தாயிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். இதுவரை எந்த வரனுக்கும் வாயைத் திறக்காத பெண் அவள். எல்லம்மா அதைப் புருஷன் காதில் போட்டபோது, வீரராகவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு, “அப்ப முடிச்சே ஆவணும்” என்றார்.

ஆவணி பிறந்ததும் முதல் புதன்கிழமை வருவதாகப் பேச்சு. ஆனால் ஆவணிக்கு முன்னால் ஆடி வருகிறதே, அதுதான் வினை.

ஆடிக் கடைசியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக் கெடா வெட்டினார்கள். வீரராகவர் மற்ற விஷயங்களில் கைச்சிக்கனம், சாப்பாட்டில் வஞ்சகமே கிடையாது. ஈரல் ஒரு தட்டு, தலைக்கறி ஒரு தட்டு, கருவாட்டுக் குழம்பு, இதற்கெல்லாம் வழி விட இரண்டு மொந்தை கள். அதோடு விட்டாரா? மிஞ்சியதைச் சுண்டவைத்து நாலு நாள் வைத்துக்கொண்டு தின்றார். “போதும், வயிறா வண்ணாந்தாழியா?” என்று எல்லம்மா கேட்டதற்கு, “அம்மன் பிரசாதம்டி, வேணான்னா கோச்சிக்கும்” என்றார். அம்மன் கோபித்துக்கொண்டாளோ என்னவோ, கட்டைவிரல் கோபித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை கோழி கூவுவதற்கும் வீரராகவர் கூவுவதற்கும் சரியாக இருந்தது.

“எல்லம்மா! எவனோ கால்ல இடுக்கி வெச்சு நசுக்கறான்டி!”

எல்லம்மா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து பார்த்தாள். இடுக்கியும் இல்லை, எவனும் இல்லை. வலது கட்டைவிரலின் அடிமூட்டு செக்கச்செவேலென்று வீங்கி, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தது. அங்கிருந்து புறங்கால் வரைக்கும் உப்பலாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். மறுபடி காலைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, “புதன்கெழம!” என்றாள்.

இங்கே வீரராகவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். வலி தாங்குவதில் அவர் சூரர் என்று ஊரில் பேர். தேள் கொட்டியபோதுகூடக் கையிலிருந்த கவளத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார் என்பார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் அவரேதான் என்றாலும், இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பியிருந்தார். அப்பேர்ப்பட்ட மனிதர் இப்போது ஓர் ஈ வந்து விரலில் உட்கார்ந்ததற்கு, “கொன்னுட்டான்! கொன்னுட்டான்!” என்று அலறினார். கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் வேகமாக நடக்கக் கூடாது, தரை அதிருமாம். போர்வையின் ஓரம் படக் கூடாது. வாசலில் மேயும் கோழியைப் பிடித்துக் கட்டச் சொன்னார், அது அவர் விரலையே பார்க்கிறதாம்.

முதல் வைத்தியம் எல்லம்மாவுடையது. புளிய இலையை வேகவைத்துத் துணியில் கட்டி, ஆவி பறக்க ஒத்தடம் கொடுத்தாள். ஏற்கெனவே எரிகிற விரல் அது. எரிகிற வீட்டில் கொள்ளி வைத்தது போலாயிற்று. வீரராகவர் போட்ட சத்தத்தில் கொட்டகையில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டது. “சுளுக்குன்னா இதுல எறங்கிடுமே” என்று எல்லம்மா முனகினாள். “அப்ப இது சுளுக்கு இல்லடி!” என்று அவர் பல்லைக் கடித்தார்.

திங்கட்கிழமை கரையான்சாவடியிலிருந்து ஜம்புலிங்க வைத்தியர் வந்தார். கைராசிக்காரர், ஆனால் நாடி பிடிக்க ஆரம்பித்தால் சோறு வெந்து வடிக்கும் வரைக்கும் கையை விடமாட்டார். கண்ணை மூடி, திறந்து, தலையை ஆட்டி, “வாதரத்தம்” என்றார்.

“அப்டின்னா?”

“ராஜா, ஜமீன்தாரு, இவங்களுக்கெல்லாம் வர்ற வியாதி. ஏழை பாழைங்களுக்கு வராது.”

வீரராகவருக்கு அந்த வலியிலும் ஒரு நொடி உள்ளூரக் குளிர்ந்தது. எல்லம்மாவைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், கேட்டுக்கொண்டாயா என்பதுபோல். வைத்தியர் அடுத்த கேள்வி கேட்டதும் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது.

“போன வாரம் இன்னா சாப்ட்டீங்க?”

எல்லம்மா ஒன்று விடாமல் சொன்னாள். வைத்தியர் நடுவில் ஒரு தடவை வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து மிச்சத்தைக் கேட்டார். கேட்டு முடித்துப் பத்தியம் சொன்னார். ஈரல் கூடாது, தலைக்கறி கூடாது, கருவாடு கூடாது, கள்ளை மோந்துகூடப் பார்க்கக் கூடாது.

“அப்ப இன்னாத்தத்தான் துன்றது?”

“சொரக்கா.”

வீரராகவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டைவிரல் வலியைவிட அந்த ஒரு சொல் அதிகம் வலித்தது என்று பின்னால் சொல்வார்.

கெட்ட ரத்தத்தை எடுக்க வைத்தியர் சட்டியில் மூன்று அட்டைகள் கொண்டுவந்திருந்தார். முதல் அட்டை விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுருண்டு கீழே விழுந்தது. இரண்டாவது நிதானமாக ஊர்ந்துபோய் வைத்தியரின் கெண்டைக்காலிலேயே ஒட்டிக்கொண்டது. மூன்றாவது மட்டும் கடமை தவறாமல் குடித்துக் கொழுத்து அங்கேயே தூங்கிவிட்டது. வீக்கம் மட்டும் கடுகளவும் குறையவில்லை.

“பத்து நாள்ல தானா எறங்கும்” என்றார் வைத்தியர், தன் காலில் உப்பு தேய்த்துக்கொண்டே.

“புதன்கெழம பொண்ணு பாக்க வராங்க சாமி!”

“அப்ப வாதத்துக்கிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிப் பாருங்க.”

செவ்வாய்க்கிழமை எல்லம்மாவின் தம்பி தசரதன் வந்து சேர்ந்தான். பெரம்பூர்ப் பக்கம் ரயில்வே வேலை. வெள்ளைக்காரன் தும்மினாலும் அதில் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது என்று நம்புகிறவன். கையில் பச்சை நிறச் சீசா ஒன்றை வைத்திருந்தான். வருகிற வழியில் பூந்தமல்லியில், பட்டாளத்தில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பார்த்து, மாமனின் விரலைப் பற்றி விவரமாகச் சொல்லி வாங்கி வந்தானாம்.

“இதுக்குப் பேரு கௌட்டு மாமே. சீமையில லார்டுங்களுக்கெல்லாம் வருது. இது ஏதோ கெழங்குலேருந்து எடுத்த மருந்து. ஒரே நாள்ல எறக்கிடும்.”

“எத்தினி சொட்டு?”

இங்கேதான் தசரதனின் விஞ்ஞானம் தடுமாறியது. கம்பவுண்டர் சொன்னது பத்துச் சொட்டு, மூன்று வேளை. நாளைக்கே சம்பந்தி வீட்டார் வருகிற அவசரத்தில் மூன்று வேளையையும் ஒரே வேளையாக்கினால் மூன்று மடங்கு சீக்கிரம் குணமாகுமே என்று அவனுக்குத் தோன்றியது. முப்பது சொட்டு வீரராகவரின் வயிற்றுக்குள் போனது. கால் நாழிகை ஒன்றும் இல்லை. “பரவால்ல, சும்மாதான் கீது” என்றார். அதற்கப்புறம் அவர் பேசியதெல்லாம் ஒரே சொல்: “தூக்கு!”

காலைத் தரையில் ஊன்ற முடியாது, கொல்லைக்கோ உடனே போயாக வேண்டும். தசரதன்தான் தூக்கினான். வீரராகவர் இரண்டு மூட்டை நெல் கனம். வேப்பமரத்தைத் தாண்டி முள்வேலி வரைக்கும் மாமனைச் சுமந்துகொண்டு ஓடி, திரும்பிக் கொண்டுவந்து கட்டிலில் இறக்கினால், மூச்சு வாங்குவதற்குள் மறுபடி “தூக்கு!” சாயங்காலத்துக்குள் அவன் முதுகு வளைந்துவிட்டது. “வியாதி உனக்கு, பேதி உனக்கு, பேஜாரு மட்டும் எனக்கா மாமே?” என்று அழாத குறையாகக் கேட்டான்.

தாட்சாயிணி அப்போதுதான் சீசாவோடு வந்த சீட்டை எடுத்துப் படித்தாள். நாலாங்கிளாஸ் வரைக்கும் படித்த பெண். வயிறு போனால் மருந்தை உடனே நிறுத்தவும் என்று முதல் வரியிலேயே இருந்தது. காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து ஈரத்துணி போடவும், தண்ணீர் நிறையக் குடிக்கவும் என்று இரண்டாம் வரி.

“மாமா, இதைப் படிக்கலியா நீ?”

“சீட்டு மருந்தைச் சுத்தி வெச்ச காயிதம்னு நெனச்சேன்” என்றான் தசரதன்.

அவள் சீசாவை எடுத்து அரிசிப்பானைக்குள் ஒளித்தாள். அப்பனுக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்தாள். பானைத் தண்ணீரில் துணி நனைத்துப் பிழிந்து விரல்மேல் போட்டாள், பூ விழுவதுபோல். வீரராகவர் மூன்று நாளில் முதல் தடவையாகக் கண்ணை மூடித் தூங்கினார். எரிகிற இடத்தில் சூடு வைக்காமல் குளிர்ச்சி வைக்க வேண்டும் என்று தோன்ற அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் புத்தி இருந்தது.

புதன்கிழமை விடிந்தபோது வலி பாதியாகக் குறைந்திருந்தது. வீக்கம் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

“மாமே, நல்லாக் கேட்டுக்கோ” என்றான் தசரதன். “வலின்னு மட்டும் வாயைத் தொறக்காத. வலின்னா வியாதி. வியாதின்னா இன்னா வியாதின்னு கேப்பாங்க. கால்ல வியாதின்னா பூந்தமல்லி சுத்துல ஒரே ஒரு வியாதிதான். புரியுதா? வேட்டியத் தழையக் கட்டு. சிரிச்சிக்கினே நட. கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லு.”

“தேளே கொட்டி...” என்று ஆரம்பித்தார் வீரராகவர்.

“அதே மாதிரிதான்” என்றாள் எல்லம்மா, அந்தக் கதையை மறுபடி கேட்கச் சக்தி இல்லாமல்.

மூன்று மணிக்கு வண்டி வந்து வாசலில் நின்றது. முன்னால் இறங்கியவர் பரந்தாமன். சாதுவான மனிதர், எதைக் கேட்டாலும் கூரையைப் பார்ப்பார். அடுத்தது மணவாளன், வெள்ளைச் சட்டை, வெட்கம். கடைசியாக, வண்டியே ஒரு பக்கம் சாய, பரந்தாமனின் அக்கா சொர்ணத்தம்மாள் இறங்கினாள். அந்த வீட்டில் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். வம்சத்தில் ஏழு கல்யாணம் பேசி முடித்தவள், அதைவிட அதிகம் தட்டிவிட்டவள். கையில் ஒரு பனையோலை விசிறி, அதன் காம்பு முழ நீளம்.

வீரராகவர் சிரித்துக்கொண்டே பத்தடி நடந்து போய் வரவேற்றார். அந்தப் பத்தடியில் அவருக்குப் பத்து ஜென்மம் போனது. வேட்டி தரையைப் பெருக்கியது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

எல்லம்மா கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். சொர்ணத்தம்மாள் கழுவிக்கொண்டு, செம்பைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“இன்னா வெயிலு, இன்னா புழுதி. நீங்களுந்தான் வாசல்ல நின்னீங்க. எல்லாரும் ஒரு தபா காலக் கழுவிக்கினு உள்ள வாங்க அண்ணாத்தே.”

கேட்பதற்கு உபசாரம்போல்தான் இருந்தது. அது அவளுடைய பரீட்சை. ஈரக்காலோடு உள்ளே விட்டு, சாணம் மெழுகிய கூடத்தில் விழும் தடத்தைப் பார்ப்பாள். வேட்டி தழையலாம், சேலை தழையலாம், தடம் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. எல்லம்மாவின் தடம் பார்த்தாள், சரி. தசரதனின் தடம் பார்த்தாள், கோணல், ஆனால் சரி. வீரராகவர் நடந்து போய் முக்காலியில் உட்கார்ந்த பிறகு, குனிந்து நெடுநேரம் பார்த்தாள். இடது கால் ஐந்து விரலோடு முழுசாக விழுந்திருந்தது. வலது பக்கம் வெறும் குதிகால் மட்டும், கொட்டாங்கச்சி கவிழ்த்ததுபோல் வரிசையாக.

“மீதிக் காலு எங்க அண்ணாத்தே?”

சொர்ணத்தம்மாள் விசிறிக்காம்பால் அவருடைய வேட்டி ஓரத்தைத் தூக்கினாள். சிவந்து உப்பிய கால் உலகத்துக்குத் தரிசனம் தந்தது. பரந்தாமன் கூரையைப் பார்த்தார்.

“வலிக்குதா?”

“வலியா? எனக்கா?” என்று வீரராகவர் சிரித்தார்.

“தொட்டா?”

“தொட்டுத்தான் பாரேம்மா.”

அவள் காம்பு நுனியால் வீங்கிய மூட்டின்மேல் ஒரு தட்டு தட்டினாள். வீரராகவரின் கண்ணுக்கு முன்னால் பூந்தமல்லி முழுக்கப் பற்றி எரிந்தது. தாட்சாயிணியை நினைத்துக்கொண்டார். குளத்தில் மிதந்த செம்பை நினைத்துக்கொண்டார். முக்காலியின் விளிம்பை இறுகப் பிடித்து, பல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, ஒரு முனகல்கூட வெளியே விடாமல் உட்கார்ந்திருந்தார். தேள் கதை பொய்யாக இருக்கலாம். இது சத்தியம். அவர் ஆயுளிலேயே செய்த பெரிய வீரம் இதுதான்.

“ஒண்ணும் தெரியல” என்றார்.

சொர்ணத்தம்மாள் விசிறியை மடியில் வைத்தாள். “தெரியாது. யானைக்கால்ல தொட்டாத் தெரியாது. எங்க ஊர்ல நான் பாக்காததா?” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். “பரந்தாமா, வண்டியக் கட்டச் சொல்லு.”

வீரராகவருக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் முக்காலியிலிருந்து எழப் பார்த்தார். தாங்கியதால்தான் தப்பாய்ப் போயிற்றா?

“வலிக்குதும்மா!” என்று எல்லம்மா குறுக்கே ஓடினாள். “மூணு நாளா ஊரைக் கூட்டறாரும்மா!”

“இப்பத்தான் ஒண்ணும் தெரியலன்னாரு.”

“பொய் சொன்னேன் தாயீ! வலிக்குது! ஐயோ! அம்மா! செத்தேன்!” என்று வீரராகவர் கையைக் காலை உதறிக் கத்தினார்.

சொர்ணத்தம்மாள் நின்று பார்த்தாள். “சோக்கா கீது. மாசியில எங்க ஊர்ல கூத்து கட்டறாங்க, வந்துடுங்க.”

தசரதன் மருந்துச் சீட்டை நீட்டினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது, தெரிந்திருந்தாலும் படித்திருக்கமாட்டாள். வைத்தியரைக் கூட்டிவருகிறேன் என்றான். “வைத்தியரு ஒங்க ஊரு வைத்தியரு, ஒங்களுக்குத்தான் பேசுவாரு” என்றாள். பரந்தாமன் எழுந்துவிட்டார். மணவாளன் மட்டும் எழுந்தும் எழாமலும் அடுக்களைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் இன்னும் பெண்ணையே பார்க்கவில்லை.

வீரராகவருக்கு மாங்காட்டு வண்டி ஞாபகம் வந்தது. அன்றைக்காவது பின்னால் ஓட ஒரு கால் இருந்தது.

அப்போது அடுக்களைக் கதவு திறந்தது. யாரும் கூப்பிடாமலே தாட்சாயிணி வெளியே வந்தாள். மயில்கழுத்து நிறப் பட்டு, தலை நிறையப் பூ. கண் மட்டும் சிவந்திருந்தது.

“அத்தே, எல்லார் காலையும் பாத்தீங்க. என் காலப் பாக்காமப் போறீங்களே.”

சொர்ணத்தம்மாள் வாசற்படியில் திரும்பினாள். பரீட்சை என்றால் அவளால் விட முடியாது. தாட்சாயிணி செம்பை வாங்கி இரண்டு காலிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கூடத்தில் நடந்தாள். கோகுலாஷ்டமிக்கு மாவில் வைக்கிற பாதம்போல் ஒவ்வொரு தடமும் அழகாக விழுந்தது. சொர்ணத்தம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே குனிந்து பின்னால் வந்தாள். தடம் கூடத்தின் நடுவைத் தாண்டி, தூணைத் தாண்டி, நேராக முக்காலியைப் பார்த்துப் போயிற்று.

தாட்சாயிணி அப்பனுக்கு எதிரில் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். பெற்ற மகள் பார்வை அவருக்குத் தெரியாதா? ஒரு கணம் முன்னாலேயே புரிந்துவிட்டது. காலை இழுத்துக்கொள்ள நேரம் இருந்தது. அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

“மன்னிச்சிக்க நைனா” என்று சொல்லி, வலது குதிகாலை அவருடைய கட்டைவிரல்மேல் வைத்து, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு ஏறி நின்றாள்.

அந்தச் சத்தத்துக்கு எழுத்து கிடையாது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கூரை ஓட்டை உலுக்கி, வேப்பமரத்துக் காக்கைகளை எல்லாம் வானத்துக்கு அனுப்பியது. போரூர் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். வாசலில் நின்ற பரந்தாமன் வீட்டு மாடுகள் வண்டியோடு கரையான்சாவடிப் பக்கம் ஓட்டம் பிடித்தன. சத்தம் தீர்ந்து சொற்கள் வந்தபோது வீரராகவர் கெடாவைத் திட்டினார், ஈரலைத் திட்டினார், அட்டையைத் திட்டினார், தசரதனைப் பத்துத் தலைமுறைக்குத் திட்டினார். “விசிறிக் காம்பால குத்தின கெழவி” என்று தொடங்கி ஒருத்தியைத் திட்டியது இங்கே எழுத முடியாத ரகம்.

திட்டு வாங்கிய கிழவியின் முகம் மெல்ல மலர்ந்தது.

“இது வலி” என்றாள். “ஒம்பது பெத்தவ நான். வேசம் எது, வலி எதுன்னு எனக்கு யாரும் சொல்ல வாணாம். யானைக்கால்காரனுக்கு இந்தக் கொரலு வராது.” உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “எல்லம்மா, பணியாரம் எங்க?”

“அக்கா, மாடு...” என்றார் பரந்தாமன். அன்றைக்கு அவர் பேசிய ஒரே பேச்சு அது.

“மாடு எங்க பூடும்? பசிச்சா வரும். தட்டக் கொண்டாங்க, தாம்பூலம் மாத்திக்கலாம்.”

மாற்றிக்கொண்டார்கள். பத்தே நிமிஷத்தில் ஐப்பசியில் முகூர்த்தம் என்று முடிவாயிற்று. தசரதன் மாட்டைப் பிடிக்க ஓடினான், வளைந்த முதுகோடு. மணவாளன் தாட்சாயிணியை ஒரு தடவை நன்றாகப் பார்த்தான், பிறகு தன் கால் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். கெட்டிக்காரப் பிள்ளை.

“பெத்தவன் காலை மிதிச்சது பாவம்தான் கண்ணு” என்றாள் சொர்ணத்தம்மாள், பணியாரத்தை மென்றுகொண்டே. “ரெண்டு பேருமா விழுந்து கும்பிட்டுட்டா சரியாப் பூடும். போங்க, கால்ல விழுங்க.”

மணவாளன் ஆறடி உயரம். அவன் தன் காலைப் பார்த்து வருவதைக் கண்டதும் வீரராகவர் இரண்டு காலையும் முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். “அங்கியே! மாப்ளே, அங்கியே! அங்கேருந்தே எனக்குத் தெரியுது!” என்று கையை நீட்டித் தடுத்தார். இரண்டு பேரும் தூணுக்கு அந்தப் பக்கமாகவே விழுந்து கும்பிட்டார்கள்.

அவர் வாழ்த்த வாயைத் திறந்தார். மகள் எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று நாளாக ஒத்தடம், அட்டை, பேதி என்று பட்ட பாடெல்லாம் எதற்காக என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவளை வீட்டை விட்டு அனுப்பத்தான். ஐப்பசிக்கு இரண்டே மாசம். அப்புறம் இந்தக் கூடத்தில் அவள் இருக்கமாட்டாள். வீரராகவர் தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்தும் நிற்காமல் குழந்தைபோல் ஓவென்று அழுதார். தாட்சாயிணி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“பாத்தியா?” என்றாள் சொர்ணத்தம்மாள், எல்லம்மாவிடம் திருப்தியாக. “கிட்டக்கூடப் போவல. அதுக்குள்ள எப்டி வலிக்குது பாரு. நல்ல வியாதி, சுத்தமான வியாதி.” அப்புறம் தாம்பூலத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு பணியாரம் கேட்டாள்.